மண்டபத்தினுள் அமர்ந்த காபீல்

அரக்கனைக் கொன்றவன் வீரன். வீரனால் கொல்லப்பட்டவன் அரக்கன். கதை கேட்கும் சிறார் இவ்விருவரையும் பிரித்தறிவதில் தடுமாறுவதே இல்லை. தடுமாற்றம் பெரியோர்க்கே உரியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய ஆங்கில மொழியில் எழுதி வைக்கப்பெற்ற வீரகாவியம் ஒன்று இத்தடுமாற்றத்தைத் தன் நெஞ்சில் சுமந்து நிற்கின்றது. அதனை ஊன்றிப் படிக்குந்தோறும் ஒரு வினா நம்மை விடாது தொடர்கின்றது: வெளியே நின்று தாக்கும் தீமையை வெல்லவல்ல தோள்வலி, வீட்டுக்குள்ளே அமர்ந்து விருந்துண்ணும் தீமையின் முன் என்ன செய்யும்?

அக்காவியத்தின் பெயர் பியோவுல்ஃப். தலைவனின் பெயரே நூலுக்கும் ஆயிற்று. 3182 அடிகள் கொண்டது. பாடிய புலவரின் பெயர் தெரியாது. கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பெற்ற ஒரே ஒரு கையெழுத்துப் படியே உலகில் உள்ளது. இன்று அது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. 1731இல் அது வைக்கப்பட்டிருந்த மாளிகை தீப்பற்றியபோது ஏடுகளின் ஓரங்கள் கருகின. பின்னர் ஐஸ்லாந்துக்காரரான தோர்கெலின் என்னும் அறிஞர் அதைப் படியெடுத்துக் கோபன்ஹேகனுக்குக் கொண்டு சென்று பதிப்பிக்க உழைத்தார். 1807இல் ஆங்கிலேயக் கடற்படை அந்நகரைத் தாக்கியபோது அவ்வுழைப்பின் பெரும்பகுதி வீட்டோடு எரிந்தது, படிகள் தப்பின, 1815இல் முதற்பதிப்பு வெளிவந்தது. தம் மொழியின் மூத்த காவியம் அச்சேறுவதைத் தம் பீரங்கிகளாலேயே ஆங்கிலேயர் தாமதப்படுத்தினர் என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

நூல் ஆங்கிலேயருடையதேயாயினும் கதை இங்கிலாந்தில் நிகழ்வதன்று. கடல் கடந்து வந்து குடியேறிய அம்மக்களின் முன்னோர் வாழ்ந்த வடபுலமே கதைக்களம். டென்மார்க்கின் அரசன் ஹ்ரோத்கார் ‘ஹியோரோட்’ என்றொரு பெருமண்டபம் எழுப்புகின்றான். அங்கே இரவுதோறும் யாழும் பாட்டும் விருந்தும். அவ்வோசை கேட்டுப் பொறாது சதுப்புநிலத்திலிருந்து கிரெண்டல் என்னும் அரக்கன் வருகின்றான். உறங்கும் வீரர்களைக் கிழித்துத் தின்கின்றான். பன்னிரண்டு ஆண்டுகள் மண்டபம் இரவில் வெறிச்சோடிக் கிடக்கின்றது. தென் சுவீடனில் வாழ்ந்த கியாட் இனத்து இளைஞன் பியோவுல்ஃப் பதினான்கு தோழரோடு கடல் கடந்து வருகின்றான். முப்பதுபேர் வலிமை அவன் கைப்பிடியில் உண்டாம். அரக்கனிடம் வாள் இல்லை எனக் கேட்டுத் தானும் வாளின்றியே பொருது, அவன் தோளைப் பிய்த்தெறிகின்றான். மறுநாள் இரவு கிரெண்டலின் தாய் பழிவாங்க வருகின்றாள். அவளை ஏரியின் அடியில் சென்று கொல்கின்றான். நாடு திரும்பிப் பல்லாண்டுகள் கழித்து அரசனாகி, ஐம்பது ஆண்டுகள் ஆண்ட முதுமையில், புதையல் காக்கும் தீநாகம் ஒன்றை எதிர்த்துக் கொன்று தானும் மாய்கின்றான். கதை இவ்வளவே. ஆயின் காவியம் இவ்வளவன்று.

கிரெண்டல் யார்? புலவர் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆதம் நபி (அலை) அவர்களின் மக்கள் இருவருள் உடன்பிறந்தானைக் கொன்றவனின் வழித்தோன்றல் என்கின்றார். நம் நூல்கள் காபீல் என்று குறிப்பிடும் அவனே. இறைவனால் விரட்டப்பட்ட அக்கொலையாளியின் வழியில் அரக்கரும் பூதங்களும் தோன்றினர் என்பது அக்காலத்துக் கிறித்தவ உலகில் வழங்கிய ஒரு நம்பிக்கை. ஏட்டை எழுதியவருக்கு அப்பெயரில் சிறு குழப்பமும் நேர்ந்திருக்கின்றது. நூஹ் நபி (அலை) அவர்களின் மகனான ஹாமின் பெயரை முதலில் எழுதிப் பின் திருத்தியிருப்பது ஏட்டில் தெரிகின்றது. நம் மரபில் காபீல் அரக்கரைப் பெற்றவன் அல்லன். அவன் மனிதன், பொறாமையால் கொன்றவன், கொன்றபின் உடலை என் செய்வதென்று அறியாது திகைத்து, ஒரு காக்கையிடம் பாடம் கற்றவன். அந்நிகழ்ச்சியைக் கேட்கும் நமக்கு அச்சம் எங்கிருந்து வருகின்றது? அவன் நம்மைப் போன்றே இருந்தான் என்பதிலிருந்து. ஆங்கிலப் புலவரோ அவன் வழியினருக்கு நகமும் பல்லும் தந்து சதுப்புநிலத்துக்கு அனுப்பிவிட்டார். இதனால் தீமையை மனிதனிடமிருந்து விலக்கி அவர் நமக்கு ஆறுதல் தந்துவிட்டார் என்று முதற்படிப்பில் தோன்றும். இரண்டாம் படிப்பில் அவ்வாறுதல் நிலைப்பதில்லை.

ஏனெனில், அதே மண்டபத்தில், அரசனின் காலடியில், உன்ஃபெர்த் என்றொருவன் அமர்ந்திருக்கின்றான். நாவன்மை மிக்கவன், அரசவையில் மதிப்புள்ளவன். பியோவுல்ஃப் வந்து இறங்கியவுடன் அவன் வீரத்தை இகழ்ந்து பேசுபவன் இவனே. பியோவுல்ஃப் தன் பழைய கடற்செயலை விளக்கிச் சொல்லிவிட்டு இறுதியில் ஒன்று சொல்கின்றான்: நீ உன் உடன்பிறந்தாரைக் கொன்றவன், அதற்காக நரக வேதனை உன்னைக் காத்திருக்கின்றது என்கின்றான். அவையில் எவரும் மறுக்கவில்லை. உன்ஃபெர்த்தும் மறுக்கவில்லை. அரசன் அவனை எழுந்து போகச் சொல்லவுமில்லை. விருந்து தொடர்கின்றது.

இவ்விடத்தில் நாம் நூலை மூடிவைத்துச் சற்றுச் சிந்திக்க வேண்டும். உடன்பிறந்தானைக் கொன்றவனின் எத்தனையோ தலைமுறை கடந்த பேரன் வெளியே இருளில் நிற்கின்றான், அவன் அரக்கன். உடன்பிறந்தாரைத் தன் கையாலேயே கொன்றவன் உள்ளே ஒளியில் மதுக்கிண்ணத்தோடு அமர்ந்திருக்கின்றான், அவன் அமைச்சன். முன்னவனை அழிக்கக் கடல் கடந்து வீரன் வருகின்றான். பின்னவனை அழிக்க எவரும் வரவேண்டியதில்லை, அவன் தேவைப்படுகின்றவன். பின்னர் பியோவுல்ஃப் ஏரிக்குள் இறங்கும்போது தன் வாளைக் கடன் கொடுப்பவனும் இவனே. அவ்வாள் அரக்கியின் மேல் பட்டும் வெட்டவில்லை. உடன்பிறந்தாரைக் கொன்றவனின் வாள் காபீலின் வழியில் வந்தவளை வெட்டவில்லை என்பதைப் புலவர் விளக்கிச் சொல்லவில்லை. நாம்தான் சேர்த்துப் பார்க்கின்றோம். சேர்த்துப் பாராதிருக்க நம்மால் இயலவில்லை.

சொற்களிலும் இக்கலப்பு உண்டு. கிரெண்டலையும் தீநாகத்தையும் குறிக்க ‘அக்லேக்கா’ என்றொரு சொல்லைப் புலவர் ஆள்கின்றார். அரக்கன் எனப் பெயர்ப்பர். ஆனால் பழைய வீரன் ஒருவனையும் அதே சொல்லால் குறிக்கின்றார். பியோவுல்ஃபும் நாகமும் மோதுமிடத்தில் இருவரையும் சேர்த்து அச்சொல்லின் பன்மையால் அழைக்கின்றார். அகராதிக்காரர் பாவம், வீரனுக்கு வரும்போது ‘அஞ்சத்தக்க போராளி’ என்றும், அரக்கனுக்கு வரும்போது ‘கொடியோன்’ என்றும் இரு பொருள் எழுதித் தப்பினர். புலவருக்கு இரு சொல் தேவைப்படவில்லை.

கிரெண்டல் இறந்த மகிழ்ச்சியில் மண்டபத்தில் நடக்கும் விருந்தே இக்காவியத்தில் நம்மை மிகவும் கலங்கச் செய்யும் பகுதி. அரக்கனின் பிய்ந்த கரம் வெற்றிச் சின்னமாக வைக்கப்பட்டுள்ளது. பரிசில்கள் வழங்கப்படுகின்றன. பாடகன் எழுந்து யாழை மீட்டிப் பாடுகின்றான். எதைப் பாடுகின்றான்? டேனியர் குலத்து இளவரசி ஹில்டெபுரின் கதையை. இரு குலத்துப் பகை தீர அவள் ஃப்ரீசிய அரசன் ஃபின்னுக்கு மணமுடிக்கப்பட்டவள். அவள் தமையன் தன் வீரரோடு அவள் இல்லத்துக்கு வந்தபோது சண்டை மூண்டது. ஒரு பக்கத்தில் தமையன் விழுந்தான். மறுபக்கத்தில் மகன் விழுந்தான். மாமனையும் மருகனையும் ஒரே சிதையில் அருகருகே கிடத்தும்படி அவளே சொல்கின்றாள். குளிர்காலம் முழுதும் பொய்யான சமாதானம். பனி உருகியதும் அவள் பிறந்த குலத்தார் அவள் கணவனையும் கொன்று, கொள்ளைப் பொருளோடு பொருளாக அவளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினர்.

இதனை டேனியரின் வெற்றிப் பாட்டாக அவை கேட்டு மகிழ்கின்றது! பாட்டு முடிந்ததும் ஹ்ரோத்காரின் அரசி வெயல்தியோ பொன்முடியணிந்து வருகின்றாள். அரசனும் அவன் அண்ணன் தம்பி வழி மைந்தனான ஹ்ரோதுல்ஃபும் அமர்ந்திருக்குமிடத்துக்குச் செல்கின்றாள். அவர்களிடையே அன்று வரை அமைதி நிலவிற்று என்கின்றார் புலவர். அன்று வரை! அடுத்த மூச்சில் உன்ஃபெர்த்தும் அங்கே அமர்ந்திருந்ததைச் சொல்கின்றார். அரசி தன் சிறுமைந்தர் இருவரையும் ஹ்ரோதுல்ஃப் காப்பான் என்று உறுதியோடு பேசுகின்றாள். அவ்வுறுதி ஒரு தாயின் இறைஞ்சலாகவே நம் செவியில் விழுகின்றது. அம்மண்டபமும் நிலைக்கப் போவதில்லை. அது கட்டி முடிக்கப்பட்ட இடத்திலேயே, மாமனுக்கும் மருமகனுக்கும் மூளும் பகையில் அது தீக்கிரையாகும் என்பதைப் புலவர் குறித்துவிடுகின்றார். கிரெண்டல் பன்னிரண்டு ஆண்டுகள் முயன்றும் மண்டபத்தை இடிக்கவில்லை. உறவினர் எரிக்கப்போகின்றனர்.

இங்கே அக்காலத்து வடபுல வழக்கமொன்றை அறிந்துகொள்ளல் நலம். ஒருவன் கொல்லப்பட்டால் அவன் சுற்றத்தார் பழிக்குப் பழி கொள்ளலாம். அன்றேல் கொல்லப்பட்டவனின் தகுதிக்கேற்ப விதிக்கப்பட்ட ஈட்டைப் பெற்று அமையலாம். அவ்வீட்டுக்கு ‘வெர்கில்ட்’ என்று பெயர். மனித விலை என்பது சொற்பொருள். ஃபிக்ஹு நூல்களில் நாம் பயிலும் ‘தியத்’தை இது நினைவூட்டும். ஒற்றுமை ஓரளவே. அங்கே உயர்குடிப் பிறந்தானின் உயிருக்கு ஒரு விலை, உழவனின் உயிருக்கு வேறொரு விலை. அன்றியும், பழியும் வேண்டாது ஈடும் வேண்டாது மன்னித்துவிடும் மூன்றாவது வாயில் ஃபிக்ஹில் உண்டு. இக்காவிய மாந்தரின் மண்டபத்தில் அவ்வாயிலை நாம் காணவில்லை. பியோவுல்ஃபின் தந்தையே ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடி வந்தவன். அவனுக்காக ஈடு கொடுத்துப் பகை தீர்த்தவன் ஹ்ரோத்கார். மகன் உதவிக்கு வந்ததில் அப்பழைய கடனும் அடங்கும்.

கிரெண்டலைப் பற்றிச் சொல்லும்போது, அவன் எவருக்கும் ஈடு கொடுக்கச் சம்மதிக்கவில்லை என்று புலவர் குறிப்பிடுவது உற்று நோக்கத்தக்கது. அரக்கனின் கொடுமையுள் பெரிது, அவன் கணக்குத் தீர்க்கும் வழக்கத்துக்கு அப்பாற்பட்டவன் என்பதே. அவன் தாயோ அவ்வழக்கத்துக்கு உட்பட்டே நடக்கின்றாள். மகன் ஒருவன் இறந்தான். அரசனின் உயிர்த்தோழன் ஒருவனை மட்டும் கொண்டு செல்கின்றாள். ஓர் உயிருக்கு ஓர் உயிர். மண்டபத்து மாந்தர் எவரும் இதையே செய்திருப்பர். அவளை அரக்கி என்பதற்கு அவள் பிறப்பைத் தவிர வேறு காரணம் காட்டுவது எளிதன்று.

சரி, கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வீட்டினராயின்? யார் யாரிடம் பழி வாங்குவது? யார் யாருக்கு ஈடு கொடுப்பது? முதுமையில் நாகத்தை எதிர்க்கப் புறப்படுமுன் பியோவுல்ஃப் தன்னை வளர்த்த பாட்டனார் ஹ்ரெதெலின் துயரை நினைவுகூர்கின்றான். அவருடைய மைந்தன் ஒருவன் எய்த அம்பு குறி தவறித் தன் தமையனையே கொன்றது. பகைவன் எவனும் இல்லை. ஈடு பெற வழியில்லை. கொன்ற மகனை வெறுக்கவும் அவரால் இயலவில்லை. அவனிடம் அன்பும் செல்லவில்லை. மகனைத் தூக்குமரத்தில் காண நேர்ந்த முதியவன் ஒருவனோடு அவர் ஒப்பிடப்படுகின்றார். மைந்தன் வாழ்ந்த இல்லம் வெறுமையாய்க் கிடக்கின்றது, யாழொலி இல்லை, வயலும் வீடும் அவருக்குத் தேவைக்கு மேல் பெரியனவாகத் தோன்றுகின்றன. அப்படியே கிடந்து இறக்கின்றார். தவறி நேர்ந்த கொலையை வேண்டிச் செய்த கொலையிலிருந்து பிரித்து, அதற்கெனப் பரிகாரமும் வகுத்த நம் ஃபிக்ஹு அறிஞர்களின் பேருழைப்பை நாம் மாணவப் பருவத்தில் வெறும் மனப்பாடமாகக் கடந்துவிடுகின்றோம். அப்பிரிவினை இல்லாத உலகில் ஒரு தகப்பன் என்ன ஆவான் என்பதை ஹ்ரெதெல் காட்டுகின்றார். முப்பதுபேர் வலிமை அவ்வீட்டில் எதற்கும் பயன்படாது.

1936இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கீன் இக்காவியம் பற்றி ஆற்றிய உரை புகழ்பெற்றது. அதற்கு முன்னர் ஆய்வாளர் பலர், வரலாற்றுச் செய்திகள் ஓரத்தில் கிடக்க அரக்கர் நடுவில் வந்துவிட்டனரே என்று குறைப்பட்டனர். அரக்கர் நடுவில் இருப்பதே முறை. மனிதன் இறுதியில் தோற்றே தீரும் பெரும்பகையின் வடிவங்கள் அவர்கள் என்று டோல்கீன் நிலைநாட்டினார். அவர் சொன்னது பெரிதும் உண்மை. எனினும் ஓரத்தில் கிடப்பதாகச் சொல்லப்பட்ட அக்கிளைக்கதைகளை எண்ணிப் பாருங்கள். ஹில்டெபுர், ஹ்ரெதெல், உன்ஃபெர்த், எரியப்போகும் மண்டபம் ஆகிய யாவும் உறவுக்குள் சிந்திய குருதியின் கதைகள். நடுவிலும் காபீல், ஓரத்திலும் காபீல். நடுவில் நிற்பவனை வெல்லலாம். ஓரத்தில் நிற்பவனை எவ்வீரனும் வெல்லவில்லை என்பதே நம் கருத்து.

பியோவுல்ஃப் இதனை அறிந்தவன். அவன் மாமன் ஹைகெலாக் போரில் மடிந்தபோது, மகன் சிறுவனாயிருக்கின்றானே என்று அஞ்சிய அரசி, அரியணையைப் பியோவுல்ஃபுக்கே அளிக்க முன்வருகின்றாள். தடுப்பார் எவருமில்லை. அவன் மறுக்கின்றான், சிறுவனை அரசனாக்கித் தான் துணை நிற்கின்றான். அரக்கனின் தோளைப் பிய்த்த காட்சி ஓவியர்களைக் கவர்ந்தது. இந்த மறுப்பைத் தீட்டிய ஓவியம் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. புலவரும் இதைச் சில அடிகளில் கடந்துவிடுகின்றார். ஆயினும் நஞ்சேறிய புண்ணோடு சாகக் கிடக்கும் வேளையில் பியோவுல்ஃப் தன் வாழ்நாளைக் கணக்கிடும்போது எதைச் சொல்கின்றான் என்று பாருங்கள். தன் நாட்டைக் காத்தேன்; அண்டை அரசர் எவரும் படையெடுக்கத் துணியவில்லை; சூழ்ச்சிப் பகையை நாடவில்லை; பொய்யாணை இடவில்லை; உற்றாரைக் கொன்றதாக மனிதரை ஆள்பவன் என்மேல் குற்றம் சாட்ட இயலாது என்கின்றான். அக்கணக்கில் கிரெண்டலின் பெயர் இல்லை. ஏரியடியில் செய்த போரும் இல்லை. தான் ஆகாமல் தவிர்த்த ஒன்றைச் சொல்லியே அவன் மனம் அமைதி பெறுகின்றது.

அவன் உடலைப் பெருஞ்சிதையில் எரித்துக் கடலோரக் குன்றில் மேடு எழுப்புகின்றனர். இந்த ஈமச்சடங்கைப் படிக்கும் அரபு மாணாக்கனுக்கு இப்னு ஃபள்லான் நினைவுக்கு வருவார். 921இல் பக்தாதிலிருந்து கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவோடு புறப்பட்டு வோல்கா ஆற்றங்கரைக்குச் சென்ற அவர், ரூஸ் எனப்பட்ட வடபுலத்தாரின் தலைவன் ஒருவன் கப்பலில் வைத்து எரிக்கப்பட்டதை நேரில் கண்டு எழுதினார். அவர் எழுதியதன் விரிவான படி 1923இல் மஷ்ஹதில் கண்டெடுக்கப்பட்டது. ஆங்கிலக் காவியத்தின் ஈமக் காட்சிகளை ஆய்வோர் இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. ரூஸ் தலைவனோடு ஓர் அடிமைப் பெண்ணும் கொல்லப்பட்டாள். பியோவுல்ஃபின் சிதையில் எவரும் பலியாகவில்லை. 1976இல் அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கிரைட்டன் இரண்டையும் பிணைத்து, இப்னு ஃபள்லானையே அரக்கரோடு போரிட வைத்து ஒரு நாவல் எழுதினார்! உண்மையான இப்னு ஃபள்லான் அம்மக்களின் தூய்மையின்மை கண்டு முகம் சுளித்தார். அவர்தம் நெடிய உருவத்தை ஈச்சமரத்துக்கு ஒப்பிட்டு வியந்தார். அப்பெண்ணின் இறுதி நாள்களை அணுவணுவாகப் பதிவு செய்தார். எல்லைக்கு அப்பால் சென்ற அவர் அங்கே கண்டவர்கள் மனிதர்கள்தாம்.

காவியத்தின் இறுதிச் சொல் பியோவுல்ஃபைப் பற்றியது. மன்னருள் அவனே மென்மையும் அன்பும் மிக்கவன் என்று புகழ்ந்த மக்கள், கடைசியில், புகழை மிக விரும்பியவன் என்கின்றனர். அக்காலத்துக் கிறித்தவ அறவுரைகளில் இதே சொல் வீண்பெருமையைக் குறிக்கும். நற்செயலையும் புகழ்நாட்டம் அரித்துவிடும் என்று ‘ரியா’வைப் பற்றிப் பாடம் நடத்தும் நமக்கு இச்சொல் உறுத்துகின்றது. தனியே நாகத்தை எதிர்ப்பேன் என்று அவன் பிடித்த பிடிவாதத்தால் நாடு காவலின்றிப் போயிற்று. ஒருவனின் விருப்பத்தால் பலர் துன்புறுவர் என்று அவன் உறவினன் விக்லாஃபே வருந்துகின்றான். ஆகவே அச்சொல் பழிப்பு என்பார் சிலர். நமக்கு அவ்வளவு துணிவு இல்லை. அழுதுகொண்டே சிதையைச் சுற்றி வரும் மக்கள் தம் அரசனைப் பழித்தார்கள் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.

விக்லாஃபைப் பற்றி ஒன்று சொல்ல எஞ்சியிருக்கின்றது. நாகம் தீயுமிழ்ந்தபோது தோழர் அனைவரும் காட்டுக்குள் ஓடினர். அவன் ஒருவனே அரசனிடம் ஓடி வந்தான். அவன் வாளை உருவும் கணத்தில் புலவர் போரை நிறுத்திவிட்டு அவ்வாளின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகின்றார். அது சுவீடன் நாட்டு இளவரசன் ஒருவனுடையது. அரியணைக்காகச் சிற்றப்பனோடு பகைத்து அவன் கியாட் நாட்டில் அடைக்கலம் புகுந்தான். சிற்றப்பன் படையெடுத்து வந்தான். பியோவுல்ஃப் தன் கையால் அரியணையில் அமர்த்திய அந்த இளம் அரசன் அப்போரில் மாண்டான். அடைக்கலம் புகுந்த இளவரசனைக் கொன்றவன் விக்லாஃபின் தந்தை. கொல்லப்பட்டவன் தன் உடன்பிறந்தானின் மகனேயாயினும், சிற்றப்பன் பழியைப் பற்றிப் பேசவில்லை. அவன் வாளையும் கவசத்தையும் கொன்றவனுக்கே பரிசாக அளித்தான். தந்தை அவற்றைப் பல்லாண்டுகள் போற்றி வைத்து மகனுக்குத் தந்தார். பியோவுல்ஃபின் சொந்த வாள் நாகத்தின் தலையில் பட்டு ஒடிந்தது. நாகத்தின் அடிவயிற்றில் பாய்ந்து தீயைத் தணித்தது இந்த வாள்தான்.